இது சாதாரணமான குத்திதான்

தமிழிலே மெஜிக் காட்டுவோரின் வாயிலிருந்து வரும் வாசகங்களுள் மிக மோசமானது எதுவென்று என்னைக் கேட்டால், “இது சாதாரணமான குத்திதான், பாருங்கள்” என்பதையே சொல்வேன். (நாணயத்தைக் குத்தி என்பது எங்கள் நாட்டு வழக்கு.) பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதுவரை அந்தக் குத்தியின்மீது எவ்வித ஐயமும் இருந்திராது. பத்து ரூபாய்க் குத்தி ஒன்றைக் கண்டு, இது உண்மையிலேயே பத்து ரூபாய்தானா என்று யார் யோசிக்கிறார்கள்? சாதாரணமானது என்று வித்தைக்காரர் சத்தியம் செய்கின்ற கணத்தில்தான் அதன்மீது கண் விழுகிறது. தேர்தல் மேடைகளில் “மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன்” என்று தொடங்கியவர்களின் உரைகளை ஆண்டுக்கணக்காகக் குறிப்பெடுத்து எழுதியவன் நான். இந்த நோய் எனக்கு நன்கு பழக்கமானது.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள எங்கள் கரையோர ஊர்களில் இப்போது மெஜிக் செய்யும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். பாடசாலை விழா, பிறந்தநாள், கல்யாண வீடு என்று அழைக்கப்படுகிறார்கள். பெரிய பெட்டிகளும் புகையும் வேண்டிய மேடை மெஜிக்கன்று இவர்களுடையது. மேசைக்கு எதிரே ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்து, குத்தி, மோதிரம், சீட்டுக்கட்டு, கயிறு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் வித்தை. ஆங்கிலத்தில் குளோஸ்-அப் என்கிறார்கள். யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். விரல்களைக் குறை சொல்வதற்கில்லை. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நான் கண்ட சில கைகள், உலகின் எந்த மேசையிலும் வைக்கத்தக்கவை. வாயைத் திறந்தவுடனேதான் எல்லாம் குட்டிச்சுவராகிறது.

“சீமாட்டிகளே, சீமான்களே! ஒரு சீட்டைத் தெரிவு செய்யுங்கள். எந்தச் சீட்டாயினும் சரி. எனக்குக் காட்ட வேண்டாம்.” இது ஒரு வகை. அமெரிக்க வித்தைக்காரரின் வாயிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து இறக்கிய சரக்கு. மற்றொரு வகை, சென்னைத் தொலைக்காட்சியின் தொகுப்பாளர் குரலில் “ஹாய் மக்களே, வேற லெவல்ல ஒரு ஐட்டம் பாக்கலாமா?” என்று தொடங்குவது. கல்முனைக்குடியில் பிறந்து கல்முனைக்குடியில் வளர்ந்த பிள்ளை, தன் மாமாவின் மகளின் கல்யாணத்தில், தன்னைத் தொட்டிலில் கண்டவர்களைப் பார்த்து “ஹாய் மக்களே” என்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் வித்தைக்காகச் சிரிக்கவில்லை.

வித்தையின் முன்னும் ஊடும் பேசப்படும் பேச்சுக்கு ஆங்கிலத்தில் பற்றர் என்று பெயர். இலத்தீன் மொழியிலுள்ள கிறிஸ்தவச் செபமொன்றின் முதற் சொற்களிலிருந்து வந்தது அது. பொருள் மனத்தில் தங்காமல் விரைவாக முணுமுணுக்கும் செபத்தைக் கேலி செய்யப் பிறந்த சொல், பிறகு கடைவீதிப் பேச்சுக்கும் வித்தைப் பேச்சுக்கும் பெயராயிற்று. எங்களிடத்தில் அதற்கென்று நல்ல பெயரே கிடையாது. வாய்ச்சாலம் என்கிறோம், ஒருவரை வாய்ச்சாலக்காரர் என்றால் அவரை நம்பி வீட்டுக்குள் விடாதே என்று பொருள். பெயரில்லாத காரணத்தாலோ என்னவோ, அதைக் கற்க வேண்டும், எழுத வேண்டும், திருத்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லாமற் போயிற்று. இக்கட்டுரையின் வசதிக்காக முன்பேச்சு என்றே அழைக்கிறேன். என் வாதம் இதுதான்: முன்பேச்சு வித்தையின் அலங்காரமன்று, வித்தையின் பாதி. அந்தப் பாதியை எங்கள் இளைஞர்கள் இரவல் வாங்குகிறார்கள். எங்கள் ஊர்களில் அந்த இரவலுக்குக் கொடுக்க வேண்டிய விலை மற்ற ஊர்களைவிட அதிகம்.

இதைச் சொன்னால் உடனே கிடைக்கும் மறுமொழி, “கண்ணைவிடக் கை வேகமானது, அது போதும்” என்பது. இந்த நம்பிக்கையே பிழை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எந்த மனிதரின் கையும் இயங்குவதில்லை. 2005ஆம் ஆண்டு குஸ்தாவ் கூன், பெஞ்சமின் டாட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வித்தைக்காரர் மேசைக்கு முன்னே அமர்ந்து, சிகரெட்டை மறைப்பதுபோல் நடித்து, அதைத் தம் மடியில் நழுவ விடுகிறார். யாரும் காணக்கூடியபடி, பட்டப்பகலில் விடுகிறார். எதிரே இருந்தவர்களின் கண்ணசைவைக் கருவி கொண்டு அளந்தார்கள். பெரும்பாலோர் முதன்முறை அது விழுவதைக் காணவேயில்லை. கண் எந்த இடத்தில் நின்றது என்பதற்கும், விழுவதைக் கண்டாரா இல்லையா என்பதற்கும் தொடர்பிருக்கவில்லை என்பது அதைவிட வியப்பு. கண் திறந்திருந்தும் கருத்து வேறிடத்திலிருந்தால் காட்சி இல்லை. கருத்தை நகர்த்தும் கருவிகள் பல உண்டு. பார்வை, உடலின் திருப்பம், தாளம் எல்லாம் உதவும். ஒரு முழத் தூரத்தில் உள்ளவரிடம் அவற்றுள் மிக வலியது சொல்.

இதன் வேலை முறை மிக எளியது. ஒருவரிடம் கேள்வி கேட்டால் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்; அந்த நேரத்துக்கு உங்கள் கை அவருக்கு இல்லை. அவர் சிரித்தால் உடல் தளர்ந்து பின்னே சாயும். அந்தச் சிரிப்பின் நீளமே உங்களுக்குரிய நேரம். “இப்போது இந்தக் குத்தி மறையப்போகிறது” என்று முன்கூட்டியே அறிவித்தாலோ, ஆறு கண்கள் குத்தியில் ஒட்டிக்கொள்ளும். மறைக்க வேண்டிய பொருளுக்குத் தாமே காவல் போட்டுவிட்டு, பிறகு கை வேகத்தை நம்பி வியர்ப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வாயே திறக்காமல் புகழ்பெற்ற வித்தைக்காரர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்காவின் டெல்லர் மேடையில் பேசுவதேயில்லை. ஆனால் அவருடைய கூட்டாளி பென் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசித் தீர்ப்பார் என்பதை மறந்துவிடக்கூடாது. மேடையில் இசையும் ஒளியும் பேச்சின் இடத்தை நிரப்பும். தேத்தண்ணிக் கடை வாங்கில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு சொல்லும் பேசாமல், உங்கள் காதிலிருந்து ஒருவர் குத்தி எடுத்தால் நீங்கள் கைதட்டமாட்டீர்கள். பொக்கற்றைத் தடவிப் பார்ப்பீர்கள்.

இனி, எங்கள் ஊர்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன்.

முஸ்லிம் ஊரொன்றில் சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்து வித்தையைத் தொடங்குபவர், முதல் வாசகம் பேசுமுன்பே பாதிச் சபையை இழந்துவிடுகிறார். மூத்தவர்களுக்குச் சீட்டுக்கட்டு என்றால் சூது. சூது என்றால் ஹராம். நியூயோர்க்கில் எழுதிய முன்பேச்சு இதை அறியாது, அறிய வேண்டிய தேவையும் அதற்கில்லை. அறிய வேண்டியவர் அதைப் பெயர்த்தவர்.

சீட்டுக்கட்டு சிறிய விடயம். பெரியது, சிஹ்ர் என்ற சொல். திருக்குர்ஆன் ஓதி வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூஸா நபியின் வரலாறு தெரியும். பிர்அவ்னின் சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் எறிந்து மக்களின் கண்களை மயக்கியதும் தெரியும். மெஜிக் என்று ஒருவர் தொடங்கினால் இந்தக் கதைதான் சபையின் நெஞ்சில் முதலில் எழும். கையின் பயிற்சியால் செய்யும் விளையாட்டு அதில் அடங்குமா, அடங்காதா என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று; அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. நான் கவனிப்பது ஒன்றை மாத்திரமே. அதே வரலாற்றில், மூஸா நபியின் தடியைக் கண்டு எல்லோருக்கும் முன்னதாக ஸுஜூதில் விழுந்தவர்கள் அந்த வித்தைக்காரர்களேயாவர். தம் தொழிலின் எல்லை எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கயிறு எது, கயிறல்லாதது எது என்று பிரித்தறியும் அறிவு, வித்தை கற்றவர்களுக்கே முதலில் வாய்த்தது.

இந்தப் பின்னணியில், கறுப்புச் சட்டை அணிந்து, குரலைத் தாழ்த்தி, “எனக்கு ஒரு சக்தி இருக்கிறது, அது உங்கள் மனத்தைப் படிக்கும்” என்று தொடங்கும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். இலண்டனில் அது நாடகம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கரைப்பற்றில், பேயோட்டுவதாகச் சொல்லி ஏழைப் பெண்ணின் காதுத் தோட்டை வாங்கிப்போகிறவரும் அதே வாசகத்தைத்தான் சொல்கிறார். வித்தைக்காரர் தெரிந்தோ தெரியாமலோ அந்த ஏமாற்றுக்காரருக்கு விளம்பரம் செய்கிறார். “அந்தப் பொடியனே செய்கிறானே, இவர் செய்யமாட்டாரா?” என்று சபையிலிருந்து ஒரு தாய் எழுந்து போவாள். 1963இல் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதசக்தியை மெய்ப்பிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாகக் கொழும்பிலிருந்து அறைகூவினார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை. இருந்தும் தாயத்து வியாபாரம் குறையவில்லை. வாதத்துக்கு மசியாத இடத்தில் வித்தைக்காரரின் சிரிப்பு வேலை செய்யக்கூடும். ஆனால் அவரே சக்தி பேசினால் என்ன செய்வது?

சொல் மாறினால் வித்தையே மாறிவிடும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான சான்று உண்டு. பிரான்சின் ரொபேர்-ஊடான், நவீன மெஜிக்கின் தந்தை என்று போற்றப்படுபவர். சிறு பிள்ளையும் தூக்கக்கூடிய இலேசான பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. மறைவிலிருந்த மின்காந்தத்தை இயக்கினால் எந்தப் பயில்வானாலும் அதை அசைக்க முடியாது. பாரிஸில் அதைப் பெட்டியின் விந்தையாகவே காட்டினார்: பெட்டி கனக்கிறது, கள்வன் கொண்டுபோக முடியாது. 1856இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மராபூத் எனப்படும் மார்க்கப் பெரியார்களைவிடப் பிரெஞ்சுக்காரரின் சக்தி பெரிது என்று காட்டுவதே நோக்கம். அதே பெட்டி, அதே காந்தம். மாற்றியது முன்பேச்சை மட்டுமே. பெட்டி கனக்கப்போகிறது என்று அவர் சொல்லவில்லை. மேடைக்கு வந்த வலிய அரபு இளைஞரைப் பார்த்து, உன் பலத்தை எடுத்துவிடப்போகிறேன், நீ பெண்ணைவிட வலுவிழப்பாய் என்றார். இளைஞர் இழுத்தார், இழுத்தார், முடியவில்லை. கடைசியில் கைப்பிடியில் மின்சாரம் பாய, அலறிக்கொண்டு ஓடினார். சபை நடுங்கியது. இவை தந்திரங்களேயன்றி வேறில்லை என்று பிறகு மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு விளக்கப்பட்டதாக ஊடானே எழுதியிருக்கிறார். விளக்கம் பிறகு வந்தது; நடுக்கம் முதலில் வந்தது. மெஜிக் நூல்கள் பலவும் இந்தக் கதையை இன்றுவரை நகைச்சுவையாகவே சொல்லிச் செல்கின்றன. கைத்திறனில் ஊடான் மேதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு வாசகம் குடியேற்ற ஆட்சியின் வாசகம். அதை வியந்து படிக்கும் எங்கள் பிள்ளைகள், எதிரே நின்று ஓடியவரின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை படிக்க வேண்டும்.

“அப்படியானால், இது சிஹ்ர் அல்ல, வெறும் கைப்பழக்கம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டுத் தொடங்கலாமே?” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் போதாது. தமிழகத்துச் சந்தைகளில் வித்தை காட்டிய மோடி மஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். கூடைக்குள் பாம்பு, கயிற்றில் கீரி. இரண்டுக்கும் சண்டை நடக்கப்போகிறது என்ற வாக்குறுதியிலேயே ஒரு மணி நேரம் கூட்டத்தை நிறுத்திவைப்பார். சண்டை நடப்பதேயில்லை. இடையில் தாயத்து விற்றுத் தீரும். “நான் பில்லி சூனியக்காரன் அல்ல, ஏமாற்ற வந்தவன் அல்ல” என்ற மறுப்பும் அவருடைய பேச்சில் ஓர் உறுப்பே. மறுப்பும் சரக்கு விற்க உதவும். (தமிழில் முன்பேச்சுக் கலையை அவரளவுக்கு அறிந்தவர் எவருமில்லை என்பதையும் மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.) ஆகவே மறுப்பை முகவுரையாக வாசிப்பதில் பயனில்லை. பேச்சின் பொருளே வேறிடத்தில் ஊன்றியிருக்க வேண்டும். ஜின்னும் சக்தியும் மனத்தைப் படித்தலும் இல்லாத ஒரு கதைக்குள் குத்தியை வைத்தால், மறுக்க வேண்டிய தேவையே எழாது.

அந்தக் கதைகளுக்கு இந்தக் கரையில் பஞ்சமா? எங்கள் ஊர்களில் விடுகதையை நொடி என்போம். நாள்தோறும் கையில் புழங்கும் பொருளைக் கேட்பவர் அடையாளம் காணாதபடி விவரித்து, அவரைத் தவறான வழியில் ஓடவிட்டுப் பிடிப்பது நொடி. வித்தைக்காரர் செய்ய வேண்டியதும் அதுவே. களவெட்டியில் சூடு மிதிக்கும்போது நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். பொருள்களுக்கெல்லாம் அன்றைக்கு வேறு பெயர். பூதங்கள் கேட்டுப் பொலியைக் கொண்டுபோய்விடக் கூடாதென்று. கண்ணுக்குத் தெரியாத திருடனையே சொல்லால் திசைதிருப்பிய உழவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பக்கத்து நாற்காலியிலிருக்கும் மச்சானைத் திசைதிருப்பச் சொல் கிடைக்கவில்லையாம். மட்டக்களப்புக் கூத்தில் எந்த அரசனும் தானாக வந்து நிற்பதில்லை; கட்டியகாரன் வந்து சபையைச் சீர்ப்படுத்தி, வரவுப் பாட்டு முடிந்த பிறகே பாத்திரம் பேசும். நிந்தவூரின் எஸ். முத்துமீரான் திரட்டிய முஸ்லிம் நாட்டார் கவிகளைப் புரட்டினால், நேரே சொல்ல முடியாததைச் சுற்றிச் சொல்லும் வித்தை பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். செப்படி வித்தை என்ற சொல்லே செப்புக்குள் பந்தை ஒளித்து விளையாடிய மேசையோர வித்தையின் பெயர்தான். கேரளத்தில் அதைச் செப்பும் பந்தும் என்பார்கள். வாழக்குன்னம் நம்பூதிரி அதில் பெயர் பெற்றவர். நாம் சொல்லை வசவாக வைத்துக்கொண்டு தொழிலைத் தொலைத்துவிட்டோம்.

இங்கே இன்னொரு தடையும் உண்டு. அது எழுத்துத் தமிழின் தடை. முன்பேச்சை எழுது என்று சொன்னால், எங்கள் பிள்ளைகள் பேனாவை எடுத்ததும் வானொலிச் செய்தி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். “இப்பொழுது நான் உங்களுக்கு ஓர் அற்புதத்தைக் காண்பிக்க விரும்புகின்றேன்.” இந்தத் தமிழில் மேசையருகே யாரும் யாருடனும் பேசியதில்லை. முன்பேச்சு எழுதப்படவே வேண்டும், மனனமாகவே வேண்டும், ஆனால் அந்தக் கணத்தில் வாயில் வந்ததுபோல் கேட்க வேண்டும். பேச்சு மொழியைக் காகிதத்தில் ஏற்றுவது இந்தக் கரைக்குப் புதிதன்று. பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் மறைந்தபின் நூலாக வந்த ‘வேளாண்மை’ காவியத்தில், வயல்வெளிப் பேச்சு கவிதையாக நிற்கிறது. காவியத்துக்குத் தாங்கிய மொழி குத்தி வித்தைக்குத் தாங்காதா?

பத்திரிகையில் செய்தியின் முதல் வாசகத்துக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. புதிதாகச் சேரும் நிருபர், கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, தலைமை வகித்தவர் யார் என்று எழுதிக்கொண்டு வருவார். அதை வெட்டி எறிந்துவிட்டு, அங்கே என்ன நடந்ததென்று கேட்போம். வாசகருக்குத் தேவைப்படாத விவரம் முதல் வரியில் நிற்கக்கூடாது. முன்பேச்சுக்கும் அதுவே விதி. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லாதே: இது குத்தி, இது என் வலக்கை, இது என் இடக்கை. எதிரே இருப்பவருக்கு அந்தக் குத்தி ஏன் ஒரு பொருட்டாக வேண்டும் என்பதைச் சொல். எங்கள் செய்திகளில் முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிடுவோம். வித்தையில் அதை மட்டும் செய்யக்கூடாது.

குறை சொல்லி முடிப்பது எளிது என்று யாரும் சொல்லாதிருக்க, ஓர் எடுத்துக்காட்டை நானே எழுதிப் பார்த்தேன். இலங்கை மத்திய வங்கி 2013இல் இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்றாகப் பத்து ரூபாய்க் குத்திகளை வெளியிட்டது. அவற்றில் அம்பாறைக்கும் ஒன்று உண்டு, மட்டக்களப்புக்கும் ஒன்று உண்டு. வித்தை பழையது: கவிழ்த்த இரண்டு சிரட்டைகள், ஒன்றின் கீழிருக்கும் குத்தி மற்றதன் கீழ் போய்விடும். செப்படி வித்தையின் மிக எளிய வடிவம். தேத்தண்ணிக் கடையில், வயதில் மூத்த ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து இளைஞர் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“காக்கா, ஒங்கட பையில பத்து ரூவாக் குத்தி ஒண்டு இரிக்கா? பயப்படாதீங்க, திருப்பித் தருவன். தராட்டி ஒங்கட தேத்தண்ணிச் சல்லிய நான் குடுக்கன். இப்ப ஒரு கேள்வி. கல்முனை எந்த மாவட்டம்? அம்பாறை. செரி. ஒங்கட வாப்பா பொறக்கக்குள்ள கல்முனை எந்த மாவட்டம்? மட்டக்களப்பு. அப்ப, கல்முனை எப்ப எழும்பிப் போன? கடல் அங்கதான் இரிக்கி. பள்ளியும் அங்கதான் இரிக்கி. ஒரு முழம் அசையல்ல. ஆனா மாவட்டம் மாறிட்டு! 1961ல கொழும்புல ஆரோ ஒராள் படத்துல கோடு கீறின, அவ்வளவுதான். இந்தச் சிரட்டை மட்டக்களப்பு, இந்தச் சிரட்டை அம்பாறை. குத்திய நீங்களே வைங்க. நான் நடுவுல ஒரு கோடு மட்டும் கீறுறன்.”

மேசையில் விரலால் கோடு கீறுகிறார். சிரட்டையைத் தூக்கினால் குத்தி அங்கே இல்லை.

இதில் எங்கே வேலை நடக்கிறது என்று கவனியுங்கள். குத்தி அவருடையது, ஆகவே அது சாதாரணமானதா என்ற பேச்சே வரவில்லை. தேத்தண்ணிச் சல்லி என்ற இடத்தில் முதற் சிரிப்பு. மூன்று கேள்விகள், மூன்று முறையும் அவர் முகத்தை நிமிர்த்துகிறார். வாப்பா பிறந்த காலம் என்றதும் அவர் மனம் கணக்குப் பார்க்கப் போய்விடுகிறது, பக்கத்து மேசைக்காரர்கள் விடை சொல்லப் போட்டியிடுகிறார்கள். எதிரே இருப்பவர் 1961க்குப் பின் பிறந்தவரின் மகனென்றால் வாப்பாவை மூத்தாப்பா ஆக்கிவிட வேண்டும். இதைக்கூடக் கவனிக்காமல் ஒப்புவிப்பவர் வீட்டிலேயே இருந்துவிடலாம். குத்தி மாறப்போகிறது என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஜின் இல்லை, சக்தி இல்லை. பழி முழுவதும் கோடு கீறிய கொழும்புக்காரரின் தலையில்.

இந்தப் பேச்சை ஒரு நண்பருக்குப் படித்துக் காட்டியபோது, கல்முனையில் எல்லைக் கோடு பற்றி வாய் திறப்பது நெருப்போடு விளையாடுவதல்லவா என்றார். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைப் பற்றிய பிணக்கு எத்தனை ஆண்டாக எரிகிறது என்று வெளிநாட்டிலுள்ள வாசகர்களும் அறிவார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடைவீதியில் வணிகம் செய்து, ஒரே வரைபடத்தைப் பார்த்து வெவ்வேறு கோடுகளைக் காணும் ஊர் அது. நண்பரின் அச்சத்தை நான் புறக்கணிக்கவில்லை. அதனாற்றான் 1961ஐத் தெரிந்தெடுத்தேன். அந்தக் கோடு கீறப்பட்டபோது, மேசையின் இந்தப் பக்கத்திலிருப்பவரின் தகப்பனிடமும் கேட்கவில்லை, அந்தப் பக்கத்திலிருப்பவரின் தகப்பனிடமும் கேட்கவில்லை. இருவரும் ஒரே இடத்தில் சிரிக்கலாம். பாண்டிருப்பிலிருந்து வந்தவரும் கல்முனைக்குடிக்காரரும் ஒரே மேசையில் ஒரே குத்தியைப் பார்த்து, ஒரே கணத்தில் “அடே!” என்பது இன்றைய நிலையில் சிறிய காரியமன்று. 1961ஐத் தாண்டி இன்றைய கோட்டுக்குப் போனால் வித்தை முடிந்தது, வழக்குத் தொடங்கியது. அதற்குமேல் ஓர் அங்குலமும் பேச்சு நகரக்கூடாது. ஒவ்வொரு முன்பேச்சிலும் இப்படி ஒரு வேலி இருக்கும்; அது எங்கே நிற்கிறதென்று உள்ளூர்க்காரருக்கே தெரியும். யூடியூப் காணொளியில் அது வராது.

கனடாவிலும் இலண்டனிலும் பிறந்தநாள் விழாக்களில் வித்தை காட்டும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு, மேலேயுள்ள பேச்சை அப்படியே எடுத்துப்போய் ஸ்காபரோவில் பேசிவிடக்கூடாதென்று அஞ்சுகிறேன். அங்கே பிறந்த பிள்ளைக்குக் கல்முனை எந்த மாவட்டமாயிருந்தால் என்ன? அவனுடைய பையில் இருப்பது இருபத்தைந்து சதம். கனடிய அரசு 1992இல் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆட்புலத்துக்குமாகப் பன்னிரண்டு வகைக் கால் டொலர் குத்திகளை வெளியிட்டது. அந்த வரிசையில் நுனாவுட்டுக்குக் குத்தி இல்லை. ஏனென்றால் 1992இல் நுனாவுட்டே இல்லை. 1999 ஏப்ரல் முதலாம் திகதி, வடமேற்கு ஆட்புலத்தின் நடுவே கோடு கீறி அதைப் பிரித்தெடுத்தார்கள். பனியும் அசையவில்லை, கரடியும் அசையவில்லை. அந்தப் பிள்ளை இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான். சிரட்டைக்குப் பதிலாகக் காகிதக் கோப்பை இரண்டு போதும். கேக் வெட்டும் மேசையிலேயே கிடைக்கும். பேச்சை அவனுடைய ஆங்கிலத்தில் எழுதுவதா, அவன் வீட்டில் கேட்கும் தமிழில் எழுதுவதா என்பதை, அவனுடைய அம்மம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம்.